பாட்டுக்கு வரும் பா

“இதெல்லாம் ராஜா காலத்துத் தமிழ்ம்மா. உனக்கு வாயிலயே நுழையாது.”

கிழக்குத் தாம்பரத்துக் காலனி ஒன்றில், தன் வீட்டு கேட்டுக்குள் நின்றபடி டீச்சரம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. கேட்டுக்கு வெளியே அம்மா உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை. நானும் அம்மாவோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தேன். டீச்சரம்மா ஒரு பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், அம்மாவின் வாடிக்கை. அன்று பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காக வாசலில் கட்டி வைத்திருந்தவற்றுக்கு மேல் ஐந்து தடித்த புத்தகங்கள் இருந்தன. முதல் அட்டையில் ஒரு கப்பல். அதன் முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். படிக்க எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அப்படிச் சொன்னாரே தவிர, கொடுத்துவிட்டார். அம்மா அவரிடமே ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கி, ஐந்தையும் போட்டு, என் தலையில் வைத்தாள். தன் கூடையில் வைக்கவில்லை. அப்படியும் மூன்றாம் பாகத்துக்கு மட்டும் இன்றுவரை லேசாக மீன் வாடை உண்டு. அது என் கையிலிருந்து ஏறியதாகத்தான் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. அம்மாவின் தம்பி, என் மாமா, கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். பஸ் நம்பர் படிப்பார். இதை யாரும் உச்சுக்கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நான் பி.ஏ. வரலாறும் பி.எட்.டும் முடித்து, பெருங்களத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வங்கிப் படிவம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் குப்பத்திலிருந்து எனக்குத்தான் போன் வரும். நான் சொன்னால் அது எழுத்து. அந்தப் பெருமை எனக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்த ஐந்து பாகத்தை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணியதில்லை. பிளஸ் டூவில் கணக்கில் எதிர்பார்த்தது வராதபோது படித்தேன். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், “மீன் மார்க்கெட் எங்க இருக்கு?” என்று எனக்குக் கேட்கும்படி ஒருத்தி இன்னொருத்தியிடம் விசாரித்தாள். அந்த வாரம் படித்தேன். ஒரு பள்ளியில் நேர்காணல் முடித்து, கூப்பிடுகிறோம் என்று சொல்லி, கூப்பிடாமல் இருந்த இரண்டு மாதமும் முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை போய், திரும்ப முதலுக்கே வந்தேன். முடிவு தெரிந்த கதை என்பதால்தான் அது பிடிக்கும். வெளியே எதுவும் நான் நினைத்தபடி நடக்கவில்லை என்றாலும், நாலாம் பாகத்தின் கடைசியில் அவன் கலங்கரை விளக்கின் படியில் காத்திருப்பான். அது மாறாது.

கதை பெரிய சிக்கல் இல்லை. ஒரு துறைமுகப் பட்டினம். அங்கே ஒரு மீகாமன், அதாவது கப்பலை வழிநடத்துகிறவர். அவருக்கு ஒரு மகள். முதல் அத்தியாயத்திலேயே புயலில் அப்பா மயங்கி விழ, அவள் சுக்கானைப் பிடிப்பாள். அந்தக் கப்பலில் காயத்தோடு ஒளிந்திருக்கிறவன் ஒரு படைத்தலைவன். ஒவ்வொரு பாகத்திலும் பிரிவார்கள், கடைசிப் பத்துப் பக்கத்தில் சேர்வார்கள். அவள் பெயர் பாவினி.

பாய்மரத்துக்கு வரும் பா என்று பதினோரு வயதில் முடிவு செய்தேன். உண்மையில் முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. பாய்மரம் கட்டிய கப்பலில் ஒரு பெண் நிற்கிறாள், பெயர் பாவினி. பாட்டு, பால், பாதை, பாவினி. வேறு மாதிரி ஒரு பா இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த யாரும் அந்தக் கதையைப் படித்ததில்லை. அந்தப் பெயரை நான் கேட்டதெல்லாம் என் வாயிலிருந்துதான்.

என்னிடமிருந்து அம்மா கேட்டாள். மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் உரக்கப் படிப்பேன். போர் வந்தால் குறட்டை வந்துவிடும். பாவினி என்ற சொல் வந்ததும் கண்ணைத் திறப்பாள். “வந்துட்டாளா? படி.” படைத்தலைவனை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. “மூணு புக்கு ஆயிட்ச்சி, அந்தாளு இன்னும் வாயைத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. இவ இன்னாத்துக்கு அவன் பின்னால போய்கினு கீறா?” என்பாள். ஆனால் பாவினி அழுத இடங்களில் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் கல்லூரியில் இருக்கும்போது மாமா சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வாங்கினார். பேர் சொல்லு பாப்பா என்று என்னிடம் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மா பாவினி என்று சொல்லிவிட்டாள். பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், பென்சிலுக்கு வரும் பி போட்டு ஆரம்பித்தேன். போட்டின் இரண்டு பக்கமும் மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் அப்படியே எழுதினார்கள்.

போன தை மாதம் தாம்பரத்தில் நான் போகும் நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில், பிடித்த புத்தகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். வேறு எதைப் பேசுவேன்? டீச்சரம்மாவையும் போய் அழைத்தேன். அவர் கொடுத்த புத்தகம், அவர் வாசலில் உட்கார்ந்திருந்த மீன்காரியின் மகள். அவர் வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. வந்தார், உட்கார்ந்தார். குறிப்புச் சீட்டு இல்லாமல் பேசினேன். புயல், சுக்கான், கலங்கரை விளக்கு எல்லாம் தானாக வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்க வைத்த இடத்தில்.

கைதட்டல் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், எல்லோரும் சார் என்பார்கள்.

“ரொம்பப் பிரமாதமா பேசினீங்கம்மா. சின்னத் திருத்தம்தான். அந்தப் பேர் பாவினி இல்ல. பாவினி.”

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

“பாவம்ங்கற சொல்லுலேர்ந்து வருது. பாவ புண்ணியம்னு சொல்றோமே, அந்தப் பாவம் இல்ல. பாவம். நடனத்துல முகத்துல காட்டறது. நீங்க சொல்றப்ப, பாவின்னு யாரையோ திட்டற மாதிரி இருக்கு.”

இதை எழுதும்போது பாருங்கள், காகிதத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. காதில் அப்படி இல்லை. அவர் சொன்னது பாட்டிலுக்கு வரும் பா. நான் இருபது நிமிடம் சொன்னது பாட்டுக்கு வரும் பா. பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, “நான் படுக்கற பாய்னு நெனச்சேன், சார் பிரியாணிக் கடை பாய்ங்கறாரு” என்றார். அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, அது எனக்குத் தெரிந்தது. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

டீச்சரம்மா எனக்காகப் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. “விடுங்க சார், அவங்க வீட்ல சொல்லித்தர ஆள் இல்ல, தானா படிச்ச பொண்ணு.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியமாகவே, “நான் அன்னைக்கே சொன்னேன்ல, வாயில நுழையாதுன்னு” என்றார்.

இது எனக்குப் புதிதல்ல. புத்தகத்திலிருந்து மட்டும் சொல் பொறுக்கியவர்களுக்கு இது நடந்துகொண்டேதான் இருக்கும். கல்லூரி முதல் ஆண்டில் கம்பீரம் என்ற சொல்லைக் கம்புக்கு வரும் க-வோடு சொன்னேன். எங்கள் வீட்டில் யாரையும் கம்பீரம் என்று சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை. ஒருத்தி திருத்தினாள். அன்று மாலையே மாற்றிக்கொண்டேன், வலிக்கவில்லை. வெறும் சொல்தானே. இது ஒரு ஆள். பதினான்கு வருடமாக எனக்குத் தெரிந்த ஆள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல முதல் பாகத்தை எடுத்தேன். மனம் சரியில்லாதபோது எடுக்கும் புத்தகத்தை, அந்தப் புத்தகத்தாலேயே மனம் சரியில்லாதபோதும் எடுத்தேன். அட்டையில் கப்பல், முதுகு காட்டிய பெண். மூன்றாவது பத்தியில் அவள் பெயர். அங்கேயே நின்றுவிட்டேன். பழையபடி படித்தால் பின்வரிசையிலிருந்து சார் எழுந்தார். சரியான பா போட்டுப் படித்தால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றது வேறு யாரோ. காலனியில் நடன வகுப்புக்குப் போகிற பெண், எனக்குப் பழக்கமில்லாதவள்.

அந்த வாரம் முழுக்க முயன்றேன். பெயர் வரும் இடத்தை மட்டும் கண்ணால் தாண்டிப் பார்த்தேன். முடியாது. பக்கத்துக்கு ஐந்து முறை வருகிறாள். அவள் வராத அத்தியாயங்களாகப் படிக்கலாம் என்று, இத்தனை வருடம் தாவிப் போன போர்களை எல்லாம் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். யானைகள் அணிவகுத்து நிற்பதற்கே முப்பது பக்கம். அவள் இல்லாதபோது அந்தப் படைத்தலைவன் எவ்வளவு சாதாரணமான ஆள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எரிச்சலில் புத்தகத்தை மூடினேன், திறந்தேன், மூடினேன். பள்ளியில் ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் நடத்தும்போது ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு நொடி தயங்கினேன். பிள்ளைகள் கவனித்தார்கள். இந்த வேலையில் நான் ஒருநாளும் தயங்கியதில்லை.

அம்மாவும் கவனித்தாள். “இன்னாடி, புக்கைத் தொறந்து வெச்சிகினு பக்கத்தையே திருப்ப மாட்டன்ற?”

சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை மற்ற மாதிரி சொல்லிப் பார்த்தாள். வாயைக் குவித்து இரண்டு மூன்று முறை சொன்னாள். “பாட்டில் மாரி கீது,” என்றாள். பிறகு முகம் மாறியது. “அப்ப தம்பி போட்டு பேரு?”

அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அதுவும் தப்புதான். எல்லாம் தப்புதான். நான்தானே எழுதிக்குடுத்தேன்,” என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

மூன்றாம் நாள், பள்ளியில் காலை இடைவேளையில் மாமா போன் செய்தார். பின்னால் காற்றும் யாரோ ரேடியோ வைத்த சத்தமும் கேட்டது.

“பாப்பா, பேரு தப்பாமே? அக்கா சொல்லிச்சி. மாசி மகத்துக்கு போட்டுக்கு பெயிண்ட் அடிச்சிகினு கீறோம். பெயிண்டரு பக்கத்துலதான் கீறாரு. இன்னா எழுத்துன்னு சொல்லு, மாத்திடலாம்.”

“தமிழ்ல ஒண்ணும் மாத்த வேணாம் மாமா. இங்கிலீஷ்ல மட்டும்தான். இப்போ பி இருக்கு. அது பி ஆகணும்.”

பிறகு மாமா அதை அப்படியே பெயிண்டருக்குச் சொல்வது கேட்டது. “பி கீதாம். அது பி ஆவணுமாம்.”

“பென்சில் பி இருக்கு மாமா. பஸ் பி ஆகணும்.”

“பென்சிலை எட்த்துட்டு பஸ்ஸை வெக்கணும். அதான?”

மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு ஓட வேண்டும். சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். “எதையும் தொடாதீங்க, சனிக்கிழமை நானே வரேன்,” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. என் எழுத்தை இன்னொருவர் திருத்துவதை நான் இல்லாத இடத்தில் நடக்க விடக் கூடாது என்று இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து இன்னொரு பஸ். பையில் இரண்டாம் பாகம் இருந்தது, வழியில் திறக்கவில்லை. குப்பத்தில் போட்டை மணலில் ஏற்றி, பக்கவாட்டில் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். உடம்பு முழுக்கப் புது நீலம். பெயர் மட்டும் பழையபடி, தமிழில் சிவப்பும் கீழே ஆங்கிலத்தில் வெள்ளையுமாக, கொஞ்சம் உரிந்து இருந்தது. பெயிண்டர் சின்ன பிரஷ்ஷோடு எனக்காகக் காத்திருந்தார்.

“அழிக்கவே தேவயில்லக்கா. இந்த பி-க்குக் கீழ இன்னொரு வயிறு போட்டா அது அந்த பி ஆயிடும். அஞ்சு நிமிசம்.”

நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். ஒரு வயிறு. ஒரு வாரமாக நான் தூக்கிக்கொண்டு அலைந்தது அவ்வளவுதான். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “எனுக்கு இன்னா தெரியும். நீ படிச்ச பொண்ணு. நீ சொல்றதுதான்,” என்றார். எவ்வளவோ முறை இதைக் கேட்டு உள்ளுக்குள் நிமிர்ந்திருக்கிறேன். அன்று அது சுமையாக இருந்தது.

பக்கத்துப் போட்டில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். “இன்னா மச்சான், பேரை மாத்தறியா?”

“அப்டியேதான். சொல்றது மட்டும் வேறயாம்.” மாமா சொல்லிக் காட்டினார்.

“பாட்டிலா? பாட்டில் பேரை வெச்சா உன் போட்டு தள்ளாடிகினுதான் கரைக்கு வரும்.”

மாமா சிரித்தார், பெயிண்டர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூட்டத்தில் வந்த சிரிப்பும் இதுவும் ஒரே பெயருக்குத்தான். ஆனால் இங்கே சிரிப்புக்கு உள்ளானது அந்த இன்னொரு பா.

மாமாவிடம் கேட்டேன். கடலில் இருக்கும்போது மற்றவர்கள் உங்கள் போட்டை எப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, கையை வாயருகே குவித்து, எட்டு வருடமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுக் காட்டினார். பாட்டுக்கு வரும் பா. அதை இழுத்துச் சொல்லும்போது கடைசி எழுத்துவரை காற்றில் நிற்கிறது. அது என் வாயிலிருந்து அம்மாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்த பெயர். என்னையும் அம்மாவையும் தவிர வேறொருவர் உரக்கச் சொல்லி அதை நான் காது கொடுத்துக் கேட்டது அப்போதுதான்.

“வயிறு வேணாம்ணா. இருக்கறது மேலயே அடிச்சிடுங்க,” என்றேன்.

“சரியாத்தான் சொல்றியா?” என்று மாமா கேட்டார்.

“சரி இல்ல மாமா. ஆனா அப்படியே இருக்கட்டும்.”

பெயிண்டர் வெள்ளையைத் தொட்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

சார் தவறாகச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டத்தன்றே வீட்டில் அகராதியைப் பார்த்திருந்தேன். அவர் சொன்னதுதான் சரி. சொல் வடமொழி, அதற்கு அந்த பாதான். பரீட்சையில் கேட்டால் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் ஆசிரியர் தமிழில் எழுதினார், தமிழில் ஒரு பாதான் இருக்கிறது, நான் அதைப் படித்தேன். என் எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. யாராவது ஒருவர், பதினான்கு வருடத்தில் ஒரே ஒருவர், என்னோடு சேர்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும் என்ற எரிச்சல் அது. அதைக் கொண்டுபோய் யார் மேல் கொட்டுவது?

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இரண்டாம் பாகத்தை மடியில் வைத்துத் திறந்தேன். சிறையிலிருந்து தப்பித்த படைத்தலைவனைத் தேடி அவள் உப்பளத்தின் வழியே நடக்கும் அத்தியாயம். கேளம்பாக்கத்தில் பஸ் நிற்கும்வரை படித்தேன். நின்றதும்தான் உறைத்தது. நாலு பக்கம் போயிருக்கிறது, அவள் பெயரை எந்தப் பாவில் படித்தேன் என்று கவனிக்கவே இல்லை. கவனித்துவிட்டதால் அடுத்த பக்கத்தில் மறுபடி தடுக்கியது. பரவாயில்லை. நாலு பக்கம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்து நேராக நூலகத்துக்குப் போனேன். வாசகர் கூட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நோட்டு மேசைமேல் இருந்தது. அடுத்த மாதத்துக்கான பக்கத்தில் இன்னும் யாரும் எழுதவில்லை. தலைப்பு என்ற கட்டத்தில், இரண்டாம் பாகம், உப்பள அத்தியாயம், வாய்விட்டு வாசித்தல் என்று எழுதினேன். அந்த அத்தியாயத்தில் அவள் பெயர் முப்பத்தொரு முறை வருகிறது. குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதை யாரும் நிரப்புவதில்லை. அதில், “பாவினி – பாட்டுக்கு வரும் பா” என்று எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.